1969-க்குப் பிறகு ஜாஸில் உண்மையில் மாறியது பிளக்கா, டிரம்ஸா?

நீலச்சுரம்

அக்கூஸ்டிக் ஜாஸா, ராக் இசை கலந்த எலக்ட்ரிக் ஃப்யூஷனா என்ற பேச்சு இங்கே எப்போது வந்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வந்ததும் ஜாஸ் போச்சு என்று ஒரு கட்சி. காலம் மாறினால் வாத்தியமும் மாறத்தானே செய்யும் என்று எதிர்க்கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. இந்தச் சண்டைக்கும் மின்சாரத்துக்கும் பெரிய சம்பந்தமே கிடையாது என்பது என் கருத்து. அதை எடுத்து வைக்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சார்லி கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தபோது வாசித்தது எலக்ட்ரிக் கிட்டார். 1942-இல், 25 வயதிலேயே இறந்துவிட்டார். அவருக்குப் பிறகு வந்த ஜாஸ் கிட்டார்காரர்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் அவர் பிள்ளைகள்தான். அவரை மரபுக்கு வெளியே நிறுத்தும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஜிம்மி ஸ்மித் 1956-இல் ஹாமண்ட் ஆர்கனோடு ப்ளூ நோட் இசைத்தட்டு கம்பெனிக்கு வந்தார். பிளக்கைப் பிடுங்கினால் அந்த வாத்தியத்தில் சத்தமே வராது. ஆனால் அந்த இசைத்தட்டுகளை மரபின் செல்லப்பிள்ளைகளாகத்தான் வைத்திருக்கிறோம். 1966-இல் கேனன்பால் ஆடர்லி குழுவுக்காக ஜோ ஜாவினுல் 'மெர்சி, மெர்சி, மெர்சி'யை வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோவில் வாசித்தார். அது பெரிய ஹிட். அதற்காகவும் யாரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அப்படியிருக்க, டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1969 பிப்ரவரியில் 'இன் எ சைலண்ட் வே'யையும் அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிட்சஸ் ப்ரூ'வையும் பதிவு செய்த பிறகு மட்டும் ஏன் வீடு இரண்டானது?

நான் சொல்வது இதுதான். அப்போது மாறியது டிரம்ஸும் பேஸும். முப்பது வருடமாக ஜாஸைத் தூக்கி நிறுத்திய, டிரம்ஸின் பெரிய உலோகத் தட்டான ரைடு சிம்பலும், கார்டுக்குக் கார்டு படியேறி இறங்கும் வாக்கிங் பேஸும் போயின. அந்த இடத்தில், ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பேஸும் நேரடியான எட்டுத் தட்டுத் தாளமும் வந்தன. ரசிகர்களுக்கு வலித்தது அங்கேதான். பக்கத்தில் பளிச்சென்று ஆம்ப் இருந்ததால் பழி அதன் மேல் விழுந்தது.

மறுப்பவர்கள் தயவுசெய்து இசைத்தட்டைச் சொல்லி மறுங்கள். அப்போதுதான் நானும் கேட்டுப் பார்க்க முடியும்.

வேங்கார்டு மேசை

மறுக்கிறேன், இசைத்தட்டைச் சொல்லியே மறுக்கிறேன்.

1961 ஜூன் 25, நியூயார்க் வில்லேஜ் வேங்கார்டில் பில் எவன்ஸ் ட்ரையோ. பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய நிலவறை அது. ஞாயிற்றுக்கிழமை, மதியமும் இரவுமாக ஐந்து செட். அந்தப் பதிவில் கண்ணாடி டம்ளர் உரசும் சத்தம் கேட்கும், யாரோ பேசிக்கொள்வது கேட்கும். மோஷன் பிரஷ்ஷால் ஸ்னேர் மேல் தடவுவது, அந்த டம்ளர் சத்தத்தை விடவும் மெல்லியதாக ஓடும். அதன் மேல் லஃபாரோ ஒரு வாக்கியம் சொல்லுவார், எவன்ஸ் பாதியில் கையை எடுத்துவிட்டு அவருக்கு வழிவிடுவார். பதினோராம் நாளே லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். 25 வயது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த மென்மையை ஆம்ப் வைத்து எப்படிக் கொண்டுவருவீர்கள்? பேஸ்காரர் சத்தத்தைக் கூட்டினால் டிரம்மர் ஓங்கி அடிக்கிறார். டிரம்மர் ஓங்கினால் கிட்டார்காரர் நாபைத் திருகுகிறார். கடைசியில் எல்லாரும் உச்சத்தில் நிற்கிறார்கள், கீழே இறங்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. மரப் பெட்டியிலிருந்து வரும் ஒலிக்கு இயல்பாகவே ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைதான் வாசிப்பவரைப் பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கேட்க வைக்கிறது. அதனால் பிளக் முக்கியம். நீங்கள் சொல்லும் தாள மாற்றமும் அதன் பின்னால் வந்ததுதான். டபுள் பேஸ் சத்தத்துக்குப் பயந்து வெளியேறி பேஸ் கிட்டார் உள்ளே வந்ததால்தான் தாளமும் தட்டையாகிப்போனது.

இன்னொன்று. உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. 'மெர்சி, மெர்சி, மெர்சி'யில் ஸ்விங் எங்கே இருக்கிறது? அது சர்ச் வாசனையடிக்கும் சோல் தாளம். அதற்கு முன்பே லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' இருக்கிறது. 1963 டிசம்பரில் பதிவானது, பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸ், முழுக்க அக்கூஸ்டிக், ஆனால் தாளம் உடம்பை ஆட்டும் பூகலூ. ஸ்விங் போனதுதான் பிரச்சினை என்றால் அதற்கு ஏன் யாரும் அழவில்லை?

ஃபில்மோர்70

நான் நீலச்சுரம் பக்கம். ஒரு சின்னச் சாட்சி. 'இன் எ சைலண்ட் வே' முதல் பக்கம் முழுக்க டோனி வில்லியம்ஸ் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். 17 வயதில் மைல்ஸிடம் வந்து உலகத்தின் டிரம்மர்களையெல்லாம் தூங்கவிடாமல் அடித்த ஆள், இங்கே ஹை-ஹாட் சிம்பலைத் தட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சத்தம்? ரொம்பக் கம்மி. மூன்று கீபோர்டு இருக்கிறது, ஹான்காக், கொரியா, ஜாவினுல். எலக்ட்ரிக் கிட்டாரில் மெக்லாஃப்லின். அவ்வளவு மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஜாஸில் அதைவிட அமைதியான இசைத்தட்டு எத்தனை வந்திருக்கிறது? ஆம்ப் வந்தால் மென்மை போய்விடும் என்ற வாதம் அந்தத் தட்டோடு முடிந்தது.

புதியகாது

நான் ஒரு வருடமாகத்தான் ஜாஸ் கேட்கிறேன். நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஸ்விங் ஸ்விங் என்கிறீர்களே, காதால் அதை எப்படிப் பிடிப்பது? 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேட்டிருக்கிறேன், 'ஹெட் ஹண்டர்ஸ்' கேட்டிருக்கிறேன். இரண்டும் பிடிக்கும், தாளம் வேறு என்றும் தெரிகிறது. என்ன வேறு என்று சொல்லத்தான் தெரியவில்லை.

நீலச்சுரம்

புதியகாது, மன்னிப்பெல்லாம் எதற்கு? இந்த இழைக்கே தேவையான கேள்வி இது. நீங்கள் சொன்ன இரண்டு தட்டை வைத்தே பார்க்கலாம்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் ஜிம்மி காப்பின் வலது கை ரைடு சிம்பலில் இருக்கும். டிங்... டிங்-க-டிங்... டிங்-க-டிங்... என்று ஓடும். அந்த 'க' சரியாக நடுவில் விழாது, அடுத்த தட்டை ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பின்தங்கி விழும். கீழே பால் சேம்பர்ஸ் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம் என்று நடந்துகொண்டே இருப்பார். காப் அந்தத் தட்டின் நுனியில் இருக்கிறார், சேம்பர்ஸ் அதன் நடுவில் இருக்கிறார். அந்த மயிரிழை இடைவெளியில்தான் இழுப்பு பிறக்கிறது. உட்கார்ந்திருந்தாலும் முன்னால் யாரோ கையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

'ஹெட் ஹண்டர்ஸ்' 1973. 'கமீலியன்' தொடக்கத்தில் வரும் பேஸை வாசிப்பது ஹான்காக்தான், ஆர்ப் ஒடிஸி சிந்தசைசரில். அந்த ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. டிரம்ஸில் ஹார்வி மேசன், ஒவ்வொரு தட்டும் ஆணியடித்தது போல அதனதன் இடத்தில். முன்னால் இழுப்பதற்குப் பதிலாக உங்களைக் கீழே உட்கார்த்தி வைக்கும் தாளம் அது. பிடித்த இடத்திலேயே ஆழமாகப் போகிறது. இரண்டும் வேறு வேறு இன்பம்.

வேங்கார்டு மேசை, உங்கள் 'சைட்வைண்டர்' நியாயமான அடி. அதற்கு என் பதில்: அந்தப் பாட்டு 24 பார் ப்ளூஸ், அதாவது 24 தாள அளவு நீளமுள்ள கார்டு வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும் சுற்று. தாளம் பூகலூவாக இருந்தாலும் அடியில் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொருவரும் அந்தச் சுற்றுக்குள் கிளம்பி, சுற்றுக்குள்ளேயே வந்து சேர்கிறார்கள். 'பிட்சஸ் ப்ரூ'வில் அந்தச் சுற்றே இல்லை. பேஸ் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது, வாசிப்பவர் எங்கே தொடங்கினார், எங்கே முடிப்பார் என்று எண்ணிக்கொண்டு கேட்க முடியாது. ஆகவே நான் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்: ஸ்விங்கோடு சேர்ந்து சுற்றும் போனது. இரண்டும் ஒன்றாகப் போனதால்தான் அந்த அதிர்ச்சி.

மரபேஸ்

டபுள் பேஸ், பேஸ் கிட்டார் இரண்டும் வாசிப்பவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

எலக்ட்ரிக் பியானோ என்றால் உயிரில்லாத பெட்டி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஃபெண்டர் ரோட்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள். விசையை அழுத்தினால் சுத்தியல் போய் மெல்லிய உலோகக் கம்பியைத் தட்டும். அது அதிர்வதை கிட்டாரில் இருப்பது போன்ற பிக்கப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும். அதாவது அடிக்கும் விசைக்கு ஏற்ப ஒலி மாறும். மெதுவாகத் தொட்டால் மணி போல, ஓங்கி அடித்தால் குரைப்பது போல. விரலின் கனம் முழுக்க அதில் தெரியும். ஹாமண்டில்தான் அது கிடையாது, அங்கே சத்தத்தைக் காலால் மிதித்துத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஆனால் மரபுக்காரர்கள் ஹாமண்டை ஏற்றுக்கொண்டு ரோட்ஸைத் தள்ளிவைக்கிறார்கள். விரல் நுண்மைதான் அளவுகோல் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னொரு பக்கமும் சொல்கிறேன், நீலச்சுரத்துக்குப் பிடிக்காது. 1970-களின் அக்கூஸ்டிக் தட்டுகளிலேயே பேஸ் அக்கூஸ்டிக் கிடையாது. பிக்கப்பை வைத்து ஒயரை நேராக மிக்சரில் சொருகிவிட்டார்கள். ரப்பர் இழுபடுவது போல ஒரு சத்தம். வி.எஸ்.ஓ.பி. என்று 1976-இல் ஹான்காக், ஷார்ட்டர், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் நால்வரும் ஃப்ரெடி ஹப்பர்டோடு திரும்பக் கூடினார்களே, அந்தக் கச்சேரிப் பதிவுகளில் கார்ட்டரின் பேஸைக் கேளுங்கள். பத்து வருடம் முன்னால் இதே ஆள் வாசித்த அந்த மரம் எங்கே? இது பிளக் செய்த கெடுதல்தான், தாளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் டெல்ஃபியோ மார்சாலிஸ் தயாரித்த தட்டுகளில், மரத்தின் ஒலி கிடைப்பதற்காக பேஸை ஒயர் வழியாக நேரடியாகப் பதிவு செய்யவில்லை என்று அட்டையிலேயே போட்டார்கள். அதைச் சிலர் வறட்டுப் பிடிவாதம் என்பார்கள். பேஸ்காரனான எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பேஸ் கிட்டார் என்றாலே தட்டை என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபெண்டர் பேஸிலிருந்து ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை அதன் மேல் பூசினார். 1977-இல் வெதர் ரிப்போர்ட் குழுவின் 'ஹெவி வெதர்' கேளுங்கள். அந்த பேஸ் பாடுகிறது.

வேங்கார்டு மேசை

மரபேஸ் சொன்ன பிக்கப் விஷயத்துக்கு நன்றி. நான் சொல்ல வந்ததைப் பாதி நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஃபில்மோர்70, 'இன் எ சைலண்ட் வே' அமைதியான தட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரே மூச்சில் வாசித்ததா? தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை வெட்டி ஒட்டியது. இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வரும் நான்கு நிமிடத்துச் சொச்சம் அப்படியே கடைசியிலும் வருகிறது. திரும்ப வாசிக்கவில்லை, அதே டேப்பைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். 'பிட்சஸ் ப்ரூ'வின் முதல் பாட்டில் மட்டும் 19 வெட்டு. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஜாஸ் என்பது நான்கு பேர் ஓர் அறையில் அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவு. கத்தரிக்கோலைப் பிடித்தவர் அடுத்த மாதம் எடுக்கும் முடிவை நான் வேறு கலையாகத்தான் வைப்பேன்.

அந்தக் கணத்தின் முடிவு என்றால் என்ன என்று பார்க்க 1965 டிசம்பர், மைல்ஸ் குழுவின் சிகாகோ பிளக்டு நிக்கல் கிளப் பதிவைப் போடுங்கள். டோனி வில்லியம்ஸ் யோசனைப்படி, எதிர்பார்ப்பதற்கு நேர் எதிராக வாசிப்பது என்று குழுவுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். உச்சம் வர வேண்டிய இடத்தில் சத்தத்தை இறக்கினார்கள். அடங்க வேண்டிய இடத்தில் வெடித்தார்கள். பழைய ஸ்டாண்டர்ட் பாட்டுகள்தான், ஆனால் அடுத்த நொடி என்ன வரும் என்று மேடையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. ஒரே ஒரு ஆம்ப் கூடத் தேவைப்படவில்லை.

ஃபில்மோர்70

ஸ்டுடியோ தட்டில் வெட்டு இருக்கிறது என்பதற்காக மேடையை மறந்துவிடக் கூடாது. 1970 மார்ச்சில் மைல்ஸ் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்டில் நீல் யங்குக்கும் ஸ்டீவ் மில்லருக்கும் முன்னால் வாசித்தார். வந்திருந்தவர்கள் ராக் ரசிகர்கள். அங்கே கத்தரிக்கோல் இல்லை. கொரியா எலக்ட்ரிக் பியானோவை ஒலியை உருமாற்றும் ரிங் மாடுலேட்டர் வழியாக விட்டு வாசிக்க, ஷார்ட்டர் அதற்கு மேலே ஏற, ஜாக் டிஜானெட் அடித்துக்கொண்டே இருக்க, அந்தக் குழு பிளக்டு நிக்கல் குழுவை விட எந்த விதத்திலும் குறைவாகக் கேட்கவில்லை, குறைவாகப் பதில் சொல்லவும் இல்லை.

அப்புறம் 1975 பிப்ரவரி 1, ஒசாகா. மதியக் கச்சேரி 'அகார்ட்டா', இரவுக் கச்சேரி 'பாஞ்சியா'. ஒரே நாள். மைல்ஸ் கையைக் காட்டியதும் அந்தப் பேரிரைச்சல் சட்டென்று நின்றுபோகும், பீட் கோசியின் கிட்டார் மட்டும் வெட்டவெளியில் தொங்கும், அடுத்த சைகைக்கு எல்லாரும் ஒன்றாக விழுவார்கள். கீழே இறங்கத் தைரியம் இல்லை என்றீர்களே, இதைவிட என்ன தைரியம் வேண்டும்?

கொன்னக்கோல்

மிருதங்கம் கற்றவன். இந்தப் பேச்சில் நம் ஊர்க்காரர்கள் நேரடியாக இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

மெக்லாஃப்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் என்ன சத்தத்துக்கு வாசித்தார் என்று எல்லாருக்கும் தெரியும். இரட்டைக் கழுத்து கிட்டார், பில்லி காபமின் இரட்டை பேஸ் டிரம். அந்த ஆள்தான் 1975-இல் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, அக்கூஸ்டிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எல். சங்கர் வயலின், ஜாகிர் ஹுசைன் தபலா, விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். சக்தியின் முதல் தட்டு, 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. பெரிய ஆம்ப் கிடையாது, டிரம் செட் கிடையாது, சிந்தசைசர் கிடையாது. ஆனால் அந்தத் தட்டை அக்கூஸ்டிக் ஜாஸ் மரபு என்று யாராவது அலமாரியில் வைத்தார்களா? இல்லை, ஃப்யூஷன் என்றுதான் வைத்தார்கள். மரமும் தோலும் மண்ணும் மட்டுமே இருந்தும் ஃப்யூஷன். ஏன்? ரைடு சிம்பல் இல்லை, வாக்கிங் பேஸ் இல்லை, முப்பத்திரண்டு பார் சுற்று இல்லை. நீலச்சுரம் சொல்வது இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது.

இதற்கு மறுபக்கமும் நம்மிடமே இருக்கிறது. உ. ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலக்ட்ரிக் மாண்டலின். வழக்கமான மாண்டலினில் இருக்கும் இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகள் ஐந்தோடு வாசித்தார். தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க முடிந்ததும், அது அணையாமல் நின்று பேசியதும் அந்த அமைப்பும் மின்சாரமும் சேர்ந்து கொடுத்த வசதி. தொடக்கத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் ராகம் சரியாக இருந்தது, தாளம் சரியாக இருந்தது. சபாக்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டன. பின்னால் அவரே ரிமெம்பர் சக்தியில் மெக்லாஃப்லினோடு வாசித்தார். 2014-இல் 45 வயதில் அவர் போனபோது, பிளக் வைத்த வாத்தியம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. கச்சேரியின் உள்கட்டு அப்படியே இருந்தால் மக்கள் பிளக்கை மன்னித்துவிடுகிறார்கள்.

புதியகாது

கொன்னக்கோல் அண்ணா, இதைப் படித்த பிறகு சக்தியை முதல்முறையாகக் கேட்டேன். கடமும் தபலாவும் எதிரெதிராக வரும் இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஒரு சந்தேகம். விண்டன் மார்சாலிஸ் எலக்ட்ரிக் ஜாஸுக்கு எதிரி என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். அவரும் பிளக்கைத்தான் எதிர்த்தாரா?

நீலச்சுரம்

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். விண்டன் 1961-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். 1980-இல் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸில் சேர்ந்தார். 1984-இல் ஒரே விழாவில் ஜாஸுக்கும் மேற்கத்திய செவ்விசைக்கும் கிராமி வாங்கினார். 1987-இலிருந்து லிங்கன் சென்டரில் ஜாஸுக்கு நிரந்தர வீடு கட்டத் தொடங்கினார். அவருடைய பேட்டிகளைப் படித்தால் திரும்பத் திரும்ப வருவது இரண்டு விஷயம்: ஸ்விங், ப்ளூஸ். இந்த இரண்டும் இல்லையென்றால் அதற்கு வேறு பெயர் வையுங்கள் என்பார். அதாவது மரபுக் கட்சியின் தலைவரே தன் கோட்டைத் தாளத்தில்தான் போடுகிறார்.

அவர் போட்ட கோடு எனக்கு ஏற்பில்லை. 1986-இல் வான்கூவரில் மைல்ஸ் வாசித்துக்கொண்டிருந்த மேடையில் விண்டன் அழைக்காமல் ஏறியதும், மைல்ஸ் குழுவையே நிறுத்தியதும் ஊருக்கே தெரியும். விமர்சகர் ஸ்டான்லி க்ரௌச் 1990-இல் மைல்ஸை விலைபோனவர் என்றே எழுதினார். ஆனால் அவர்களுடைய கோபம் எதைப் பற்றியது என்று சரியாகப் புரிந்துகொண்டால்தான் சரியாக மறுக்க முடியும். ஆம்பை வெறுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் அவர்களுடைய வலுவான வாதத்தை நாம் தொடவே இல்லை என்று ஆகும்.

வேங்கார்டு மேசை

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1970-களில் அக்கூஸ்டிக் ஜாஸ் செத்துக் கிடந்தது, விண்டன் வந்து எழுப்பினார் என்று இரண்டு கட்சியும் ஒரே கதையைச் சொல்கின்றன. கென் பர்ன்ஸின் 2001 தொலைக்காட்சித் தொடரும் பத்துப் பகுதியில் கடைசி நாற்பது வருடத்தை ஒரே பகுதிக்குள் திணித்து அதையேதான் சொன்னது. சுத்தத் தவறு.

மெக்காய் டைனரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ரோட்ஸுக்குப் போன அந்த வருடங்களில் அவர் கிராண்ட் பியானோவை விட்டு நகரவே இல்லை. 1973-இல் மாண்ட்ரூ விழாவில் பதிவான 'என்லைட்டன்மெண்ட்' கேளுங்கள். மின்சாரமே இல்லாமல் எந்த ராக் குழுவையும் அடக்கும் பலம் அந்த இடது கையில் இருக்கிறது. 1976 கடைசியில் டெக்ஸ்டர் கார்டன் ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்து இதே வேங்கார்டில் வாசித்தார், கொலம்பியா கம்பெனி அதை வெளியிட்டது. அப்போது விண்டனுக்கு 15 வயது. கீத் ஜாரெட் மைல்ஸோடு எலக்ட்ரிக் ஆர்கன் வாசித்து முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் பியானோவுக்கு வந்தார். 1975 ஜனவரி 24, கொலோன் நகரத்தில் ஒரு சரியில்லாத சின்ன பியானோவில் அவர் தனியாக வாசித்த கச்சேரி உலகம் முழுக்கப் பல லட்சம் விற்றது.

மரபேஸ்

ஆனால் அந்தக் கொலோன் கச்சேரியில் ஸ்விங் எங்கே? இடது கையில் ஒரே வாம்ப் (திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்றொடர்) பல நிமிடம் ஓடுகிறது, ஏறக்குறைய ராக், கொஞ்சம் தேவாலயம். சுற்றும் கிடையாது. நீலச்சுரத்தின் அளவுகோலில் அது ஃப்யூஷன் பக்கம் அல்லவா போகும்? இருந்தும் மரபுக்காரர்கள் அதைத் தங்கள் சொத்து என்கிறார்கள். அங்கே பிளக் இல்லாதது வேலை செய்திருக்கிறது. வாத்தியத்தின் ஒலியே சிலருக்குப் போதும், உள்ளே தாளம் என்னவாக இருந்தாலும் சரி. இதை நீலச்சுரம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நீலச்சுரம்

எடுத்துக்கொள்கிறேன். கொலோனைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, அங்கே மக்களை வாங்கியது பியானோவின் ஒலி. ஆனால் ஜாஸுக்குள் இருந்த பெரும் பிளவை அது விளக்காது, ஏனென்றால் அந்தத் தட்டை வாங்கிய பலர் அதற்கு முன் ஜாஸ் கேட்டவர்களே அல்ல.

நான் வெய்ன் ஷார்ட்டரை நோக்கிப் போக விரும்புகிறேன். பிளக்டு நிக்கலில் இருந்தவர், 'இன் எ சைலண்ட் வே'யில் இருந்தவர், ஜாவினுலோடு வெதர் ரிப்போர்ட்டைத் தொடங்கி 15 வருடம் நடத்தியவர், 2000-இலிருந்து முழு அக்கூஸ்டிக் குவார்ட்டெட் வைத்திருந்தவர். பியானோவில் டனிலோ பெரெஸ், டிரம்ஸில் பிரையன் பிளேட். பேஸில் ஜான் பாட்டிட்டூச்சி, அவர் சிக் கொரியாவின் எலக்ட்ரிக் பேண்டில் ஆறு தந்தி பேஸ் கிட்டார் வாசித்தவர். இந்தக் குழு பாட்டு வரிசை எழுதிக்கொள்ளாமலே மேடை ஏறும். ஷார்ட்டர் 2023 மார்ச்சில் மறைந்தார்.

அவர் எழுதிய 'சாங்க்சுவரி' என்ற பாட்டு மூன்று பதிவாகக் கிடைக்கிறது. 1968-இல் மைல்ஸின் குழு, ஜார்ஜ் பென்சன் கிட்டாரோடு. அது வெளிவந்தது 1979-இல்தான். 1969-இல் 'பிட்சஸ் ப்ரூ'வின் கடைசிப் பாட்டாக. 2002-இல் 'ஃபுட்பிரிண்ட்ஸ் லைவ்!' தட்டின் முதல் பாட்டாக, இந்தப் புதுக் குவார்ட்டெட். ஒரே மெட்டு, ஒரே ஆள். பிளக் மட்டும் வந்து போகிறது.

வேங்கார்டு மேசை

மூன்றையும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நீலச்சுரம், உங்கள் கட்சி இங்கே இடிக்கிறது. 'பிட்சஸ் ப்ரூ'வின் 'சாங்க்சுவரி'யில் நீங்கள் சொன்ன ஆணியடித்த தாளமே இல்லை. மெட்டு மெதுவாக, காலம் கட்டாமல் வருகிறது, திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் கீழே கொந்தளிப்பு ஏறுகிறது. ஸ்விங்கும் இல்லை, நீங்கள் சொன்ன அந்தத் தாளமும் இல்லை. எலக்ட்ரிக் பியானோ மட்டும் இருக்கிறது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் பிளேட் வாசிக்கும் பதிவில் சிம்பலைத் தொடுவதற்கும் விடுவதற்கும் இடையே கிடைக்கும் அந்த வெளியை 1969 எனக்குக் கொடுக்கவில்லை. அங்கே வாசிப்பவர்கள் அத்தனை பேர், வெளிக்கு இடம் எங்கே?

நீலச்சுரம்

அந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1967, 'நெஃபர்டிட்டி', அதுவும் ஷார்ட்டர் எழுதியது, முழு அக்கூஸ்டிக். டிரம்பெட்டும் சாக்ஸும் தனி ஆவர்த்தனமே எடுக்காமல் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. மேலே ஒன்றும் மாறாது. மாறுவதெல்லாம் கீழே, டோனி வில்லியம்ஸிடமும் கார்ட்டரிடமும் ஹான்காக்கிடமும். பாட்டின் நாயகனே டிரம்மர்தான். 'சாங்க்சுவரி' அதே கட்டுமானம். அதாவது, ஆம்ப் மேடைக்கு வருவதற்கு முன்பே டிரம்ஸ் தன் பழைய வேலையை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, 'நெஃபர்டிட்டி' போல முழுக்கத் திறந்துகொள்வது. இன்னொன்று, 'இன் எ சைலண்ட் வே' போல முழுக்க நின்றுகொள்வது. மைல்ஸ் 'பிட்சஸ் ப்ரூ'வில் இரண்டையும் வைத்திருக்கிறார். 1970-இல் ஸ்டீவி வொண்டரிடமிருந்து மைக்கேல் ஹெண்டர்சனை பேஸுக்குக் கூட்டிவந்த பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஷார்ட்டர் மற்றதைக் கடைசி வரை விடவில்லை.

வேங்கார்டு மேசை

ஹெண்டர்சன் வந்ததுதான் பிரிவு என்றால் அதில் எனக்கு மறுப்பில்லை. அதுவரை டேவ் ஹாலண்ட் இரண்டு பேஸையும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டு கதவைத் திறந்தே வைத்திருந்தார். சத்தத்தைப் பற்றி நான் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது. ஒசாகா மதியக் கச்சேரியை இந்த வாரம் முழுதாகக் கேட்கிறேன், ஃபில்மோர்70 சொன்ன அந்த நிறுத்தங்களுக்காக.

கொன்னக்கோல்

'நெஃபர்டிட்டி'யைக் கேட்கும்போது டோனியின் இடது கையை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள், புதியகாது. எண்ண முயலாதீர்கள். முதல் தடவை ஒன்றும் பிடிபடாது, இரண்டாம் தடவை ஹார்ன்கள் மெட்டை முடிக்கும் இடமெல்லாம் அவர் என்ன சொல்கிறார் என்று தெரியத் தொடங்கும்.

புதியகாது

போட்டுவிட்டேன் அண்ணா. இரண்டாம் தடவை ஓடுகிறது.